ரப்பர் கூரை: மழைக்கு முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் வணிக வளாகத்தின் சமதளக் கூரையில் இ.பி.டி.எம். எனும் செயற்கை ரப்பர் விரிப்பு உள்ளது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்? ஓரிடத்தில் இணைப்பு சற்றே பிரிந்துள்ளது, தார் பூசலாமா?

பதில் 1: தார் வேண்டவே வேண்டாம், ஐயா. பெட்ரோலிய எண்ணெய் கலந்த எதுவும் இந்த ரப்பரை உப்பவைத்து இளக்கிவிடும். பிரிந்த இடத்தைத் துடைத்து, நன்கு உலர்த்தி, ப்ரைமர் (பசை நன்றாகப் பிடிக்க முதலில் பூசும் பூச்சு) தடவி, மூலைகளை வட்டமாக வெட்டிய அதே வகை ரப்பர்த் துண்டை ஒட்டி, உருளையால் அழுத்துங்கள்.

பதில் 2: கீழே உணவகம் இருந்தால் சமையலறைப் புகைபோக்கியைச் சுற்றி முதலில் பாருங்கள், எங்கள் கட்டடத்தில் அங்கே படிந்த எண்ணெய்ப் பிசுக்குதான் விரிப்பைக் கெடுத்தது. நம் பக்கத்து ஓட்டு வீடுகளைப்போல நீர் தானாக முற்றத்துக்கு இறங்காது என்பதால், வடிகால் வாயிலுள்ள சருகுகளை அகற்றுங்கள். அதன் பிறகும், மழை நின்று 48 மணி நேரம் கடந்தும் நீர் தேங்கினால் சரிவைத் திருத்த வேண்டும்.

கேட்டவர்: மிக்க நன்றி. பிரிந்த இணைப்பும் புகைபோக்கியருகில்தான் உள்ளது. நாளையே ஏறிப் பார்க்கிறேன்.