கறுப்பு காரில் பாலிஷ் வளையங்கள்: மறுபடியும் தேய்க்கலாமா?

மதுரை, 2018 மாடல் கறுப்பு ஸ்விஃப்ட். சென்ற மாதம் ஒரு பட்டறையில் ரோட்டரி (ஒரே அச்சில் சுழலும்) இயந்திரத்தில் கம்பளி பேட் மாட்டி பாலிஷ் செய்தார்கள். வாங்கி வந்தபோது பளபளத்தது. சில முறை கழுவியதும் மேலிருந்த மெழுகு போய், வெயிலில் பானெட் முழுக்க வளையம் வளையமாகக் கோடுகள். நிழலில் எதுவும் தெரியாது. பட்டறைக்காரருக்கு அது வசதி, "வெறும் தூசி சார்" என்கிறார்!

க்ளே பாரால் (பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) சுத்தம் செய்து, கையாலேயே ஃபினிஷிங் பாலிஷ் (மிக நைசான பாலிஷ்) போட்டு, மெழுகும் பூசிப் பார்த்துவிட்டேன். மங்கியதே தவிர மறையவில்லை. கோடுகள் நகத்தில் தட்டுப்படவில்லை. பெயிண்ட் தடிமன் மானியில் கூரை 110 மைக்ரான், பானெட் 85, விளிம்புகளில் இன்னும் குறைவு. எல்லா அடுக்குகளும் சேர்ந்த கணக்கு இது. மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் மட்டும் எவ்வளவு என்பதை இந்த மானி பிரித்துக் காட்டாது.

இந்த நிலையில், சுழன்றுகொண்டே ஆடியும் தேய்க்கும் டூயல் ஆக்‌ஷன் இயந்திரத்தில் மென்மையான ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் வைத்து பானெட்டை ஒருமுறை தேய்த்தால் கிளியர் கோட் தாங்குமா?