புதுப்பிப்பு: நடுராத்திரி ஆம்புலன்ஸ் பாட்டி

போன மாதம் புலம்பியிருந்தேனே, நான் நர்ஸாக இருக்கும் அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 88 வயதுப் பாட்டியை லேசான காய்ச்சலுக்கெல்லாம் எமர்ஜென்சிக்கு அனுப்புகிறோம் என்று? இப்போது பரவாயில்லை. முதியோர் இல்லங்களிலிருந்து தேவையில்லாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைக் குறைக்கும் இன்டராக்ட் திட்டத்தின் 'ஸ்டாப் அண்ட் வாட்ச்' தாளை, அதாவது உடல்நிலை மாற்றங்களை ஆரம்பத்திலேயே குறிக்கும் தாளைக் கையில் எடுத்தோம். பேச்சு குறைந்ததா, சாப்பாடு மிஞ்சியதா, நடக்கக் கூடுதல் உதவி வேண்டியிருக்கிறதா என்று உதவியாளர்கள் குறித்துத் தந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை பாட்டி காலைச் சாப்பாட்டைத் தொடவேயில்லை என்று தாள் வந்தது. போய்ப் பார்த்தால் நாக்கு வறண்டு, பிரஷரும் இறங்கியிருந்தது. டாக்டரிடம் பிரஷர் எண்களோடு பேசினேன். (முன்பெல்லாம் "ஆள் ஒரு மாதிரி இருக்காங்க" என்போம், "அனுப்பிடுங்க" என்பார்!) இங்கேயே டிரிப்ஸ் ஏற்றினோம். மறுநாள் ஓட்ஸ் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பாட்டியின் மகன்தான் இன்னும் ஆஸ்பத்திரி என்றால்தான் நிம்மதி என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.