ஸ்பிரிங்க்ளர் கணக்குப் போட்டே ஆறு வருடம் ஓடிவிட்டது, அடுத்து எதைப் படிப்பது?

கே80:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக, கட்டடங்களில் தீயை அணைக்கும் ஸ்பிரிங்க்ளர், ஹைட்ரன்ட் டிசைன்தான் என் வேலை. டிராயிங் வரும், எந்த வகை ஹஸார்ட் என்று பார்ப்பேன், ஹெட் போடுவேன், சாஃப்ட்வேரில் ஹைட்ராலிக் கணக்கை ஓட்டுவேன், பம்ப் அளவைச் சொல்லி அனுப்பிவிடுவேன். வேலை தெரியாதவன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு மீட்டிங். தரைத்தளத்தில் லித்தியம் பேட்டரி ரூம் ஒன்று வருகிறது, அதற்கு என்ன செய்வது என்று ஆர்க்கிடெக்ட் கேட்டார். நான் யோசிக்காமல் "கிளீன் ஏஜென்ட் போட்டுவிடலாம்" என்றேன். தண்ணீருக்குப் பதிலாக வாயுவாகக் கொட்டித் தீயை அணைக்கும் பொருள் அது. எதிரே உட்கார்ந்திருந்த இன்னொரு கன்சல்டன்ட் எதுவும் பேசவில்லை, லேசாகச் சிரித்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது. என்ன தப்பாகச் சொன்னேன் என்பதுகூட அப்போது எனக்குப் புரியவில்லை.

துறையில் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் இருக்கிறேன் போல. ஸ்பிரிங்க்ளருக்கான அமெரிக்கத் தரமான என்எஃப்பிஏ 13-க்குப் புதுப் பதிப்பு வந்தால் மாறிய இடங்களை மட்டும் புரட்டிவிட்டு மூடிவிடுவேன். வெபினார் என்றால் ஒரு திரையில் அது ஓடும், இன்னொரு திரையில் நான் பைப் வரைந்துகொண்டிருப்பேன், கடைசியில் சர்டிபிகேட் மட்டும் வந்துவிடும். சிஎஃப்பிஎஸ், நைசெட், பிஇ என்ற தேர்வுகளில் ஏதாவது எழுதட்டுமா, தீயையும் புகையையும் கணினியில் கணக்கிடும் எஃப்டிஎஸ் மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டுமா, செய்திகளை எங்கே பார்ப்பது? எது சொன்னாலும் சரி, திட்டினாலும் சரி.

பம்ப்ரூம்காரன்:

முதலில் கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒரு பம்ப் டெஸ்ட்டுக்குப் போய் நில்லுங்கள் தம்பி. எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்? ஆறு வருடத்தில் இரண்டா, மூன்றா?

நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். ஃபயர் பம்ப் 150 சதவீத ஃப்ளோவில் குறைந்தது 65 சதவீத பிரஷராவது கொடுக்க வேண்டும், ஃப்ளோ இல்லாமல் சும்மா ஓடும்போது 140 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இதெல்லாம் மனப்பாடம். நான் டிசைன் செய்த ஒரு 750 ஜிபிஎம் (நிமிடத்துக்கு 750 கேலன்), 7 பார் பம்பை ஒப்படைக்கும் நாள். சும்மா ஓடியது, நன்றாக இருந்தது. 750-ல் முள் சரியாக 7-ல் நின்றது. 1,125-க்கு ஏற்றினோம், 4.55-க்கு மேல் நிற்க வேண்டும். முள் நடுங்கியது, இறங்கியது, பம்புக்குள் யாரோ ஜல்லியை அள்ளிப் போட்டு உலுக்குவது போல ஒரு சத்தம். கான்ட்ராக்டர் என் முகத்தைப் பார்க்கிறார், நான் கேஜைப் பார்க்கிறேன்.

கணக்கில் பிழை கிடையாது. இடம் போதவில்லை என்று பம்புக்குத் தண்ணீர் வரும் சக்ஷன் லைனில் ஒரு எல்போவை, அதாவது பைப் வளைவை, பம்ப் ஃபிளாஞ்சுக்கு ஒட்டினாற்போல, ஷாஃப்ட்டுக்கு இணையாகப் படுக்கவைத்திருந்தார்கள். அப்படிப் போட்டால் தண்ணீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் ஒரு பக்கமாகவே தள்ளிக்கொண்டு போகும், அதனால்தான் பைப் விட்டத்தைப் போல 10 மடங்கு நேர்நீளம் விடச் சொல்கிறது ஃபயர் பம்புக்கான தரமான என்எஃப்பிஏ 20. அந்த வரியை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அது மண்டையில் ஏறியது. இப்போதெல்லாம் டிராயிங்கில் நான் முதலில் பார்ப்பதே சக்ஷன் பக்கம்தான்.

சர்டிபிகேட் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். எனக்கு அதில் நம்பிக்கை கம்மி.

சிவப்பு68:

சிரித்தவர் நான் இல்லை :) ஆனால் எதற்குச் சிரித்தார் என்று சொல்கிறேன்.

அரிசோனாவில் சர்ப்ரைஸ் என்று ஓர் ஊர், நிஜமாகவே பெயர் அதுதான். 2019 ஏப்ரல் 19 அன்று அங்கே ஒரு பேட்டரி சேமிப்பு நிலையத்தில் ஒரு செல் சூடேறி தெர்மல் ரன்அவே, அதாவது தன் சூட்டிலேயே மேலும் மேலும் சூடேறி அடங்காமல் போவது, ஆரம்பித்தது. டிடெக்டர் வேலை செய்தது, நீங்கள் சொன்ன அதே கிளீன் ஏஜென்ட்டும் ஒழுங்காகக் கொட்டியது. ஆனால் வெப்பம் செல்லுக்குள்ளேயே வேதிவினையால் உண்டாகிறது, வெளியே இருக்கும் சுவாலையை அணைத்தால் அது நிற்காது. ஒரு செல் பக்கத்துச் செல்லைச் சுட, அது அதற்கடுத்ததைச் சுட, ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் கலந்த வாயு அந்த மூடிய அறைக்குள் சேர்ந்துகொண்டே போனது. எரிந்திருந்தால்கூட வாயு அவ்வப்போது தீர்ந்திருக்கும். இங்கே எரியாமல் சேர்ந்தது, வெளியேறவும் வழி இல்லை. சுமார் மூன்று மணி நேரம் கழித்துத் தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்தார்கள், காற்று உள்ளே போனது, வெடித்தது. நான்கு வீரர்களுக்குப் படுகாயம்.

ஆக, பேட்டரி ரூம் என்றால் அணைப்பது எப்படி என்பதோடு நிற்கக் கூடாது. வாயு எங்கே சேரும், எப்படி வெளியே போகும், வெடித்தால் அழுத்தம் எந்தப் பக்கம் திறந்துகொள்ளும் என்றும் கேட்க வேண்டும். பேட்டரி சேமிப்புக்கான தரமான என்எஃப்பிஏ 855-இன் முதல் பதிப்பு 2020-ல் வந்தது, அடுத்தது 2023, அதற்கடுத்தது 2026. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் துறை எப்படிப் பயந்து பயந்து கற்றுக்கொண்டது என்பது தெரியும். வெடிப்புக்கு என்எஃப்பிஏ 68, 69 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு 2025 ஜனவரி 16 அன்று கலிபோர்னியாவில் மாஸ் லேண்டிங் நிலையம் எரிந்து, சுற்றியிருந்த மக்களை வெளியேற்ற வேண்டி வந்தது. அது பழைய மின்நிலையக் கட்டடத்துக்குள் பேட்டரி ரேக்குகளை வரிசையாக அடுக்கிய அமைப்பு. வெளியில் இடைவெளி விட்டு நிற்கும் கன்டெய்னர்களோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பேட்டரி ரூமும் கட்டடத்துக்குள் என்கிறீர்கள்.

கிளீன் ஏஜென்ட்டில் இன்னொரு கதையும் ஓடுகிறது. சுற்றுச்சூழலில் எளிதில் அழியாத பிஃபாஸ் ரசாயனங்களின் தயாரிப்பை 2025 இறுதிக்குள் விட்டுவிடுவதாக 3எம் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது, அதில் நோவெக் 1230 என்ற கிளீன் ஏஜென்ட்டும் அடக்கம். அதே வேதிப்பொருளை வேறு பெயரில் மற்றவர்கள் தயாரிக்கிறார்கள், அதனால் மறுநாளே இல்லாமல் போகாது. ஆனாலும் இருபது வருடம் நிற்கப் போகும் கட்டடத்துக்கு ஸ்பெக் எழுதுகிறவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

கே80:

ஐயோ. அந்த மனிதர் சிரித்ததோடு விட்டாரே, அதுவே பெரிய விஷயம். ஆர்க்கிடெக்டுக்கு மெயில் போட்டு, மீட்டிங்கில் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு வாரத்தில் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எஃப்டிஎஸ் பற்றி யாரும் பேசவில்லையே?

புகைவழி:

நான் பேசுகிறேன், எட்டு வருடமாக அதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

கற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசின் தர ஆய்வு நிறுவனமான என்ஐஎஸ்டி அதை 2000-ல் வெளியிட்டது, அன்றிலிருந்து இன்றுவரை இலவசம், கையேடுகளும் இலவசம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் டிசைன் வேலையில் அதை ஓட்டும்போது பெரும்பாலும் தீ எவ்வளவு பெரிது என்பதை எஃப்டிஎஸ் கண்டுபிடித்துச் சொல்வதில்லை, நாம்தான் அதற்குச் சொல்கிறோம். வேகமான தீ என்று நீங்கள் எடுத்தால் 150 விநாடியில் ஒரு மெகாவாட்டைத் தொடும், நடுத்தரம் என்று எடுத்தால் அதற்கு 300 விநாடி. அந்த ஒரு தேர்விலேயே ஆட்கள் வெளியேறும் நேரத்தில் பாதி போய்விடும், சாஃப்ட்வேர் வாயே திறக்காது. எரியும் பொருளில் எவ்வளவு பங்கு புகைக்கரியாக மாறும் என்ற அளவும் அப்படித்தான். மரத்துக்கு 0.015 அளவில் போடுவோம், பாலியூரித்தேன் நுரைக்கு 0.1-ஐத் தாண்டும். சோஃபா எரியும் லாபியில் மரத்தின் எண்ணைப் போட்டு "பத்து நிமிடம் வரை பார்வை நன்றாக இருக்கிறது" என்று வண்ணப்படம் போட்ட ரிப்போர்ட்டை நான் கையில் வாங்கியிருக்கிறேன். படம் அழகாகத்தான் இருந்தது.

எஃப்டிஎஸ் இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும், அந்தக் கட்ட அளவையும் பாருங்கள். தீயின் அளவை வைத்துக் கணக்கிடும் டி-ஸ்டார் என்கிற நீளம் ஒரு மெகாவாட் தீக்கு ஏறக்குறைய 0.96 மீட்டர் வரும், அதை 4 முதல் 16 வரை வகுத்துக் கட்ட அளவை எடுப்பது வழக்கம், அதாவது 24 செ.மீ.யிலிருந்து 6 செ.மீ. வரை. ஆனால் அதை விதி என்று பிடித்துக்கொள்ளாதீர்கள், கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டி விடை மாறுகிறதா என்று பார்ப்பதுதான் முறை. ஒரே இரவில் முடிய வேண்டிய ரன் நான்கு நாள் இழுக்கும். இழுக்கட்டும்.

ஆகையால் மென்பொருளுக்கு முன்னால் தீயைப் படியுங்கள். தீ அறிவியலுக்கான சர்வதேசச் சங்கமான ஐஏஎஃப்எஸ்எஸ்-இன் கருத்தரங்கக் கட்டுரைகள் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன. என்ஐஎஸ்டி எரிசோதனை வீடியோக்களில் ஒரு சோஃபா எத்தனை நிமிடத்தில் அறையைத் தின்கிறது என்று வாட்சைப் பார்த்துக்கொண்டே ஒரு தடவை பாருங்கள். அப்புறம் "நடுத்தரம்" என்று எழுதக் கை வராது.

ஓரக்குறிப்பு:

பம்ப்ரூம்காரன் அண்ணன் சொன்னதில் எனக்கு முக்கால்வாசி சம்மதம். ஆனால் எல்லாச் சத்தத்தையும் நாமே நேரில் கேட்டுத்தான் கற்க வேண்டும் என்றால் ஆயுள் போதாது. அடுத்தவர் கேட்ட சத்தம் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கே80, புதுப் பதிப்பில் மாறிய வரியை மட்டும் பார்க்கிறேன் என்றீர்களே, ஏன் மாறியது என்பதும் பொதுவெளியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு என்எஃப்பிஏ தரத்துக்கும் முதல் வரைவு அறிக்கை, இரண்டாம் வரைவு அறிக்கை என்று இரண்டு வரும். யார் என்ன மாற்றம் கேட்டார், என்ன காரணம் சொன்னார், குழு ஏற்றதா தள்ளியதா, ஏன் என்று எல்லாம் அதில் இருக்கும். கணக்கு ஒன்றைத் திறந்தால் காசில்லாமல் படிக்கலாம். உறுப்பினராக இல்லாதவர்கூட மாற்றம் கேட்டு எழுதிப் போடலாம். நான் இரண்டு போட்டேன், இரண்டையும் தள்ளிவிட்டார்கள், ஆனால் தள்ளியதற்கு அவர்கள் எழுதிய காரணம் எந்த வெபினாரையும்விட எனக்குப் பயன்பட்டது.

ஓர் உதாரணம். குளிரில் தண்ணீர் உறையாமல் இருக்க ஸ்பிரிங்க்ளர் பைப்பில் ஆன்டிஃப்ரீஸ் நிரப்புவதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று எப்போதாவது யோசித்தீர்களா? 2009-ல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டில் அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்டது, ஹெட் திறந்தது, பைப்பில் இருந்ததோ 70 சதவீதத்துக்கு மேல் கிளிசரின் கலந்த கரைசல். அது தீயின் மேல் விழுந்ததும் குப்பென்று எரிந்தது, ஒருவர் இறந்துவிட்டார். அதன் பிறகுதான் சோதனைகள், இடைக்காலத் திருத்தங்கள், கடைசியில் அதற்கென்று பட்டியலிடப்பட்ட கரைசல்கள் மட்டும்தான் என்ற நிலை. இந்தக் கதை தெரிந்தவருக்கு அந்தப் பிரிவு மறக்கவே மறக்காது. இடைக்காலத் திருத்தம் என்றேன் அல்லவா, டிஐஏ, அதையும் பாருங்கள். புத்தகம் அச்சான பிறகு இரண்டு பதிப்புகளுக்கு நடுவே வருவது, அலமாரியில் இருக்கும் பிரதியில் இருக்காது.

செய்தி என்று தனியாக ஒன்றைத் தேடி அலைய வேண்டாம், தீப்பாதுகாப்புப் பொறியாளர்கள் சங்கமான எஸ்எஃப்பிஇ-யின் இதழ் ஒன்று போதும். மிச்ச நேரத்தில் விசாரணை அறிக்கைகளைப் படியுங்கள். 2019 ஏப்ரல் 15, பாரிஸின் நோட்ர டாம் தேவாலயத் தீ. அலாரம் அடித்தது, டிடெக்டர் சரியாகத்தான் சொன்னது, ஆனால் வந்த தகவலைத் தவறாகப் புரிந்துகொண்டு காவலர் வேறொரு கூரைப்பகுதிக்கு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத் தீ இல்லை என்றார், ஏறக்குறைய அரை மணி நேரம் போய்விட்டது. இதைப் படித்த மறுநாளே நான் செய்த வேலை, எங்கள் ப்ராஜெக்ட் ஒன்றில் அலாரம் பேனலில் மண்டலப் பெயர்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று எடுத்துப் பார்த்தது. "ஏரியா 4 மேல்" என்று இருந்தது. எதற்கு மேல்? யாருக்கும் தெரியவில்லை.

கே80:

எங்கள் பேனலில் "ஸ்பேர் 2" என்று ஒரு மண்டலம் இருக்கிறது, அதில் டிடெக்டரும் இருக்கிறது. நாளைக்கே மாற்றுகிறேன்.

சிவப்பு68:

சர்டிபிகேட் கேள்வி அப்படியே தொங்குகிறதே, அதையும் முடித்துவிடலாம். பைப் வரைகிற வேலையிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் நைசெட், நான்கு படி, வேலையோடு ஒட்டிப் போகும். சிஎஃப்பிஎஸ் அகலமானது, ஆழம் கம்மி, ஆனால் அலாரம், வெளியேறும் வழி, புகைக் கட்டுப்பாடு என்று நீங்கள் தொடாத பக்கங்களையெல்லாம் தொட வைக்கும், அதற்காகவே எழுதலாம். பிஇ அமெரிக்க உரிமம் தேவைப்படுகிறவர்களுக்கு, அந்தத் தேர்வு வருடத்துக்கு ஒருமுறை அக்டோபரில்தான், தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. பிரிட்டன் பக்கம் போகிறவர்களுக்கு அங்குள்ள தீப் பொறியாளர் கழகமான ஐஎஃப்இ வழி.

பம்ப்ரூம்காரன் சார், நம்பிக்கை கம்மி என்றீர்கள். லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விசாரணையின் இரண்டாம் கட்ட அறிக்கை 2024 செப்டம்பர் 4 அன்று வந்தது. 72 பேர் செத்த தீ. ஃபயர் இன்ஜினியர் என்ற தொழிலைச் சட்டப்படி அங்கீகரித்துப் பாதுகாக்க வேண்டும், அதை ஒழுங்குபடுத்தத் தனி அமைப்பு வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதுவரை அங்கே யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலை. சர்டிபிகேட் இருந்தால் மட்டும் எல்போ சரியாக வந்துவிடாது, அது உண்மைதான். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவைக்கிற ஏதோ ஒன்று வேண்டும் அல்லவா.

பம்ப்ரூம்காரன்:

சரி, அந்த அறிக்கைக்காக ஒத்துக்கொள்கிறேன். வெபினார் சர்டிபிகேட்டுக்கு மாட்டேன்.

கே80:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். அரிசோனா அறிக்கையையும் 855-ஐயும் பக்கத்தில் வைத்துப் படித்தேன், ஆர்க்கிடெக்டுக்கு எழுத வேண்டியதும் பாதி தயார். தெர்மல் ரன்அவே எப்படிப் பரவுகிறது என்று பார்க்கும் யுஎல் 9540ஏ சோதனையின் ரிப்போர்ட்டை பேட்டரி வெண்டரிடம் கேட்டேன். யுஎல் 9540ஏ "பாஸ்" என்று ஒரு பக்கக் கடிதமும் செல் அளவுச் சோதனை ரிப்போர்ட்டும் அனுப்பியிருக்கிறார்கள். செல்லிலிருந்து வரும் வாயு எரியக்கூடியது என்று அதிலேயே போட்டிருக்கிறது. இது போதுமா?

சிவப்பு68:

போதாது. 9540ஏ-வில் பாஸ், ஃபெயில் என்று ஒன்றே கிடையாது, அது தரவு எடுக்கும் முறை. அந்தக் கடிதத்தை ஓரமாக வையுங்கள். செல் ரன்அவே ஆகி, வாயுவும் எரியும் என்றால் பல செல்கள் சேர்ந்த மாட்யூலுக்குப் போக வேண்டும், அங்கேயும் அடங்கவில்லை என்றால் பல மாட்யூல்கள் சேர்ந்த யூனிட். பக்கத்து ரேக்குக்குத் தீ தாவுகிறதா, சுவர் எவ்வளவு சுடுகிறது என்பதெல்லாம் யூனிட் ரிப்போர்ட்டில்தான் இருக்கும். மாட்யூல், யூனிட் இரண்டையும் கேளுங்கள். செல் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வாயுவின் கலவையும் எரியும் வேகமும் அதில்தான் இருக்கும், வெடிப்பின் அழுத்தத்தை வெளியே விடும் வென்ட் கணக்குக்கு அது வேண்டும்.

கே80:

கேட்டுவிட்டேன். "எங்கள் டெக்னிக்கல் டீமிடம் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. இந்தத் தடவை நான் சிரித்தேன்.