நாலடி ஆழத்தில் நங்கூரம் பிடிக்கமாட்டேன் என்கிறது

ஓட்டைத்துடுப்பு:
என்னுடையது 12 அடி ஃபைபர் படகு, பின்னால் சின்ன மோட்டார். 5 கிலோ காளான் நங்கூரமும் பத்தடி கயிறும் வைத்திருக்கிறேன். தூண்டில் போடும் இடத்தில் ஆழம் நாலடிதான், இறங்கினால் நெஞ்சளவு. அடியில் கெட்டி மணல். ஆனாலும் நங்கூரம் நிற்பதில்லை. நேற்று புழுவைக் கோத்துவிட்டு நிமிர்ந்தால் படகு நாணலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கிறது! கயிற்றைச் சுருக்கிக் கட்டிப் பார்த்தேன், இன்னும் மோசம். 10 கிலோ நங்கூரம் வாங்கிவிடலாமா?

உப்புக்காற்று:
வாங்காதீர்கள். இந்த மாதிரி நங்கூரம் கனத்தால் மட்டும் பிடிப்பதில்லை, தரையோடு தரையாக இழுபடும்போதுதான் மண்ணைக் கவ்வும். கயிறு குட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலையும் அதை மேலே பிடுங்கும். சுருக்கியதும் மோசமானது அதனால்தான்.

கணக்கு இதுதான். ஆழம் 4 அடி, அதோடு தண்ணீரிலிருந்து கயிறு கட்டும் இடம்வரை ஒன்றரை அடி. மொத்தம் ஐந்தரை. இதைப்போல் ஐந்து மடங்காவது விட வேண்டும், அதாவது 28 அடி. காற்று அடித்தால் ஏழு மடங்கு, கிட்டத்தட்ட 40 அடி. நீங்கள் விட்டது இரண்டு மடங்குகூட இல்லை. ஏற்றவற்றம் உள்ள இடமென்றால் தண்ணீர் ஏறி நிற்கும் ஆழத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். நான் ஒருமுறை வற்றத்தில் அளந்து போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். விழித்தபோது அக்கரையில் இருந்தேன்.

இன்னொன்று, காளான் நங்கூரம் சேற்றுக்குத்தான் ஆகும். மணலுக்குத் தட்டையான இரண்டு இதழ் உள்ளதை வாங்குங்கள். அதற்கும் கயிற்றுக்கும் நடுவே ஓர் ஆள் நீளம் சங்கிலி போட்டால் இழுப்பு தாழ்வாகவே இருக்கும். கயிறு நைலானாக இருக்கட்டும், இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். மிதக்கிற பிளாஸ்டிக் கயிறு மோட்டார் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

கம்புதான்போதும்:
நாலடிக்கு இவ்வளவு கணக்கா? அடி இளகலாக இருந்தால் ஒரு நீளக் கம்பைச் சாய்வாகக் குத்தி, படகைக் கட்டிப்போட்டுவிட்டு மீனைப் பாருங்கள். சத்தமும் இல்லை. கெட்டி மணலில் இறங்காது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஓட்டைத்துடுப்பு:
இன்று சங்கிலியோடு 40 அடி விட்டேன். நங்கூரம் நகரவில்லை. ஆனால் படகு வாலாட்டுகிற நாய் மாதிரி இங்கும் அங்கும் போகிறது. கயிற்றைப் பின்பக்கம் மோட்டார் அருகில் கட்டினால் நிற்குமா? நான் உட்காருவதும் அங்கேதான்.

உப்புக்காற்று:
கூடவே கூடாது! பின்பக்கம் தாழ்வானது. மோட்டார் கனம், உங்கள் கனம், போதாததற்குக் கயிற்றின் இழுப்பும் சேர்ந்தால் ஓர் அலை உள்ளே வந்து கொட்டினாலே படகு அமிழ்ந்துவிடும். சின்னப் படகுகள் கவிழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். எப்போதும் அணியத்தில்தான், அதாவது படகின் முன்முனையில்தான், முதல் கட்டு. ஆட்டத்தைக் குறைக்கப் பின்னாலிருந்து சின்னதாய் இரண்டாவது நங்கூரம் போடலாம், அதுவும் காற்று அமைதியாக இருக்கும்போது மட்டும். காற்று திரும்பினால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

கம்புதான்போதும்:
நங்கூரம் போட்டதும் கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிற இரண்டு மரங்களைப் பார்த்து வையுங்கள். பக்கவாட்டிலும் அப்படி ஒரு ஜோடி. படகு ஆடும்போது அவை விலகி மறுபடி சேர்ந்துவிடும். விலகினது விலகினபடியே இருந்தால் நங்கூரம் இழுபடுகிறது. நாணலுக்குள் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை, தம்பி.

ஓட்டைத்துடுப்பு:
சரி அண்ணே. நாளைக்குக் கம்பும் ஏற்றிக்கொள்கிறேன்.