பெட்டி போய்ச் சாவி வந்தது. கொட்டகை ஏன் மூடியது?

கேள்வி: கொட்டகைக்காரர் பேரன்

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூரில் எங்கள் ஐயா (தாத்தா) கட்டிய சினிமாக் கொட்டகை பன்னிரண்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. கீற்று வேய்ந்த டூரிங் டாக்கீஸாகத் தொடங்கி, பின்னர் சுவர் எழுப்பி ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, தரை டிக்கெட், பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்போடு ஓடியது. 2013-இல் அப்பச்சி (என் அப்பா) கதவைச் சாத்தினார். அதற்கு முந்தைய ஓராண்டில் எங்களுக்கு வந்தவையெல்லாம் கோடு விழுந்து நைந்த பழைய பிரிண்டுகளே. புதுப் படத்துக்குப் பிலிம் போடுவதையே அநேகமாக எல்லாரும் நிறுத்திவிட்டிருந்தார்கள். "டிஜிட்டல் வந்துதான் நம்மைக் கவிழ்த்தது" என்பது அப்பச்சியின் தீர்ப்பு. அதற்கு எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

எனக்கோ அது முழுதாக விளங்கவில்லை. பிலிம் காலத்தில் ஒரு பிரிண்டுக்கே அரை லட்சத்துக்கு மேல் செலவானது. அதனால்தான் எண்ணிப் போட்டார்கள். அதனால்தான் எங்கள் ஊருக்குப் புதுப் படம் வர மாதக்கணக்கில் ஆனது. டிஜிட்டலில் அந்தச் செலவு போனது, மதுரையில் வெளியாகும் அதே வெள்ளிக்கிழமை எங்கள் ஊரிலும் படம் போடலாம் என்றால், அது சிற்றூர்க் கொட்டகைக்கு வரமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஆனால் கடன் வாங்கி டிஜிட்டலுக்கு மாறிய பக்கத்து ஊர்க் கொட்டகையும் நான்கே ஆண்டில் மூடப்பட்டுவிட்டது.

கிராமபோன் தட்டு விற்ற கடையிலிருந்து ஏவி. மெய்யப்பன் சினிமாவுக்குள் நுழைந்த ஊர் காரைக்குடி. 1940-களில் அவர் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டதை அப்பத்தா இன்றும் சொல்வார். தட்டு போய்க் கேசட் வந்தபோதும், கேசட் போய் சிடி வந்தபோதும் வியாபாரம் சாகவில்லை, கைதான் மாறியது. இம்முறை அது யார் கைக்குப் போயிற்று என்பதுதான் என் கேள்வி. கல்யாண மண்டபமாக்க ஒருவர் இடத்தைக் கேட்கிறார். 150 இருக்கை கொண்ட இரண்டு சிறு திரைகளாகப் பிரித்தால் நடத்தித் தருவதாக இன்னொருவர் சொல்கிறார். முடிவெடுக்கும் முன், தொழிலுக்குள் இருந்தவர்கள் சொல்வதைக் கேட்க விரும்புகிறேன்.

பதில்: பழைய ஆபரேட்டர்

தம்பி, இருபத்தாறு ஆண்டுகள் இந்த வட்டாரத்தில் மூன்று கொட்டகைகளில் ஆபரேட்டராக இருந்தவன் நான். உங்கள் கொட்டகையில் வேலை பார்த்ததில்லை. ஆனால் அங்கிருந்து பெட்டி வாங்கி வந்திருக்கிறேன்.

பெட்டி என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு ரீல் ஆயிரம் அடி, ஓடுவது 11 நிமிடம். மூன்று மணி நேரப் படத்துக்குப் பதினாறு ரீல் வரும். தகரப் பெட்டிகளில் அடைத்து மதுரை பஸ்ஸின் மேல் ஏற்றி அனுப்புவார்கள். கூடவே வினியோகஸ்தரின் ரெப்ரசென்டேட்டிவ் வந்து, டிக்கெட் கட்டையை எண்ணிக்கொண்டு, கொட்டகையிலேயே பாய் விரித்துப் படுப்பார். பிரிண்ட் பற்றாத பண்டிகை நாளில் ஒரே பெட்டியை இரண்டு ஊர் பங்கிட்டுக்கொள்ளும்; அங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு பையன் இங்கே வருவான். ஒருமுறை வழியில் டயர் பஞ்சராகி அவன் வர இருபது நிமிடம் தாமதமானது. இருந்த நான்கு விளம்பர ஸ்லைடையும் மாற்றி மாற்றிப் போட்டோம். ஐந்தாவது முறை ஜவுளிக்கடை ஸ்லைடு வந்தபோது தரை டிக்கெட்டிலிருந்து மணலை வாரித் திரையில் எறிந்தார்கள்.

புரொஜெக்டருக்கு ஒளி தரும் இரண்டு கார்பன் குச்சிகளும் எரிய எரிய அவற்றின் இடைவெளி கூடும். ஒளி மங்குவதற்குள் கையால் நெருக்கிவிட வேண்டும். படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னினால் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும், இரண்டாவது புள்ளிக்கு மாற்றிவிட வேண்டும். பார்ப்பவனுக்கு ரீல் மாறியதே தெரியக்கூடாது. அதுதான் எங்கள் வேலையின் பெருமை. டிஜிட்டல் மெஷின் வந்தபோது எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அதை டிக்கெட் கிழிக்கும் பையனும் இயக்கினான். என் சம்பளம் பாதியானது. அதைக்கூட நான் பெரிதாகச் சொல்லவில்லை.

சொல்ல வந்தது சாவியைப் பற்றி. படம் பூட்டப்பட்ட கோப்பாக வருகிறது. அதைத் திறக்கும் சாவி தனியே வருகிறது. அந்தச் சாவி குறிப்பிட்ட ஒரு மெஷினில் மட்டுமே, குறிப்பிட்ட நாள், மணி முதல் குறிப்பிட்ட நாள், மணி வரை மட்டுமே செல்லும். ஒரு தீபாவளிக் காலையில் மேலே யாருக்கும் யாருக்குமோ பணத் தகராறு, சாவி வரவில்லை. படம் முழுக்க எங்கள் மெஷினுக்குள்தான் இருந்தது. வெளியே அறுநூறு பேர் நின்றார்கள். பதினொரு மணிக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பெட்டிக் காலத்தில் தகராறே இருந்தாலும், கையில் பெட்டி இருந்தால் முதல் காட்சியைப் போட்டுவிட்டுப் பிறகு பேசுவோம். சரக்கு நம் அறையில் இருந்தும் நம் கையில் இல்லை என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

பதில்: எம்.ஆர். ஏரியாக் கணக்கர்

ஆபரேட்டர் ஐயா சொன்னது தொழிலின் ஒரு முனை. நான் மதுரை-ராமநாதபுரம் ஏரியாவில், தொழிலில் நாங்கள் எம்.ஆர். என்று சொல்வோம், வினியோக அலுவலகத்தில் கணக்கெழுதியவன். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கேட்டவர் காத்திருப்பைக் குறையாக எழுதியிருக்கிறார். உங்களைப் போன்ற 'சி' சென்டர், அதாவது சிற்றூர்க் கொட்டகைக்குக் காத்திருப்புதான் மூலதனம். படம் முதலில் மதுரையில் ஓடும். பிறகு காரைக்குடி போன்ற ஊருக்கு வரும். அதன் பிறகே உங்களுக்கு. அதற்குள் போட்ட பணத்தில் பெரும்பகுதியை வினியோகஸ்தர் எடுத்திருப்பார், ஆகவே உங்களிடம் ஒரு வாரத்துக்கு இவ்வளவு என்று சிறு தொகையை வாடகையாக வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடுவார். எந்தப் படம் தேறும், எது தேறாது என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். ஓடிய குதிரையின் மேல் மட்டும் பணம் கட்டும் வசதி உங்களுக்கு இருந்தது. பிரதி எடுக்கும் செலவு இல்லாமல் போனதும் இந்த அடுக்கு முழுவதும் சரிந்தது. முதல் நாளே படம் வேண்டுமானால் முதல் நாள் நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். அதாவது அட்வான்ஸோ, படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பாத மினிமம் கியாரண்டியோ கட்ட வேண்டும், இல்லையேல் வசூலில் பெரும்பங்கைக் கொடுக்க வேண்டும். படம் எப்படிப்பட்டது என்று எவருக்கும் தெரியாத நிலையில் அந்தப் பணத்தைக் கட்டுகிறீர்கள். அதே வெள்ளிக்கிழமை, பைக்கில் கால்மணி நேரத் தொலைவில், ஏ.சி.யும் நல்ல ஒலியும் உள்ள காரைக்குடித் தியேட்டரிலும் அதே படம் ஓடுகிறது. உங்கள் ஊர் இளைஞர் எங்கே போவார்? நீங்கள் வரம் என்று நினைத்தது, பெரிய தியேட்டரோடு ஒரே நாளில் மோத வேண்டிய கட்டாயமாக வந்து சேர்ந்தது.

ஓட்டமும் சுருங்கியது. எல்லாத் திரையிலும் ஒன்றாகப் போட்டு முதல் மூன்று நாளில் கூட்டத்தை உறிஞ்சிவிடுகிறார்கள். திங்கட்கிழமைக் காலைக் காட்சியைப் பார்த்தாலே படத்தின் கதி தெரிந்துவிடும். நூறாவது நாள் சுவரொட்டி என்பது ஏறக்குறைய பழங்கதை.

யார் கைக்குப் போனது என்று கேட்டீர்கள். புரொஜெக்டரையும் சர்வரையும் சொந்தமாக வாங்க முடியாத கொட்டகைகளுக்கு டிஜிட்டல் சேவை நிறுவனங்கள் அவற்றை வாடகைக்கு அமைத்துக் கொடுத்தன. அந்த முதலீட்டை எடுக்கத் தயாரிப்பாளரிடம் ஒவ்வொரு திரைக்கும் வி.பி.எப். என்ற கட்டணம் வாங்கின. பிரிண்ட் செலவு மிச்சமாகிறதே, அதில் ஒரு பங்கைக் கொடு என்பது அதன் நியாயம். மெஷின் விலை ஈடான பிறகும் ஏன் கட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். 2018 மார்ச் 1 முதல் ஏறத்தாழ ஏழு வாரம் தமிழ்நாட்டில் புதுப் படமே வெளியாகவில்லை. அந்தச் சண்டையில் 'சி' சென்டரின் பெயரை ஒருவரும் உச்சரித்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்று, வெளியில் அதிகம் பேசப்படாதது: விளம்பரம். ஸ்லைடு காலத்தில் காரைக்குடி நகைக்கடையும் பாத்திரக்கடையும் கொட்டகைக்காரரிடமே நேரடியாகப் பணம் கொடுத்தன. மெஷின் வாடகைக்கு வந்தபோது, பல ஒப்பந்தங்களில் திரையில் விளம்பரம் போடும் உரிமையும் மெஷின்காரரிடம் போய்விட்டது. கொட்டகைக்கு ஒரு பங்கு மட்டும் வரும். அந்தப் பத்தியைப் படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் எத்தனையோ பேர்.

கைப்பேசியில் படம் வந்ததெல்லாம் அந்த அடுக்கு சரிந்த பிறகுதான். 2012-13-இல் கமல்ஹாசன் தம் படத்தை டி.டி.எச். வழியே வீட்டுக்கு நேரே தர முயன்றபோது தியேட்டர்காரர்கள் கொதித்தெழுந்து தடுத்தார்கள். 2020-இல் கொரோனாவில் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தபோது படங்கள் நேராக ஓ.டி.டி.க்கே போயின. 2021 பொங்கலுக்கு வந்த 'மாஸ்டர்' ஜனவரி 13-இல் திரைக்கு வந்து 29-இல் அமேசானில் வந்துவிட்டது, பதினாறே நாள். இதைச் சொல்லித்தான் எல்லாரும் தியேட்டர் செத்ததாக அழுகிறார்கள். உங்கள் கொட்டகை அதற்கு ஏழு ஆண்டு முன்பே மூடியாயிற்று என்பதை மறக்க வேண்டாம்.

பதில்: ஆர்மோனியக்காரர் மகள்

ஐயா அவர்களின் கணக்கு சினிமாவுக்குச் சரி. பணத்தை யார், எப்போது கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தே டிஜிட்டல் ஒருவரைக் கவிழ்ப்பதும் தாங்குவதும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

என் அப்பா வள்ளி திருமணம் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் கோழி கூவும் வரை நடக்கும், சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த நாடகம் அது. இப்போது மேடைக்குக் கீழே நான்கைந்து யூடியூப் சேனல்காரர்கள் முக்காலி வைத்து முழு இரவையும் படம் பிடிக்கிறார்கள். விளம்பர வருமானம் சேனலுக்குப் போகிறது. நடிகருக்கு அன்றைய கூலி மட்டும்தான். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் வெளிமாவட்டத்து விழாக் கமிட்டியார் "அந்த வள்ளியே வேண்டும், அந்த நாரதரே வேண்டும்" என்று போன் செய்கிறார்கள். ஆகவே எடுக்காதே என்று சொல்லவும் நடிகருக்கு மனம் வருவதில்லை.

அடி வாங்கியவர் நாடகத்தின் கோமாளியான பபூன். முன்பு ஒரு நகைச்சுவையைக் கட்டினால் பங்குனி முதல் ஆடி வரை ஊர் ஊராக அதையே வைத்து ஓட்டலாம். போன ஆண்டு எங்கள் ஊரில் பபூன் பாதி சொல்லும்போதே முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் மீதியைச் சத்தமாகச் சொல்லிவிட்டான். கூட்டம் பபூனை விட அவனுக்கே அதிகம் சிரித்தது. அவரும் விடாமல் அந்தப் பையனையே மேடைக்கு அழைத்து அரைமணி நேரம் பேச்சுக் கொடுத்தார். அதையும் சேனல்காரர்கள் எடுத்துப் போட்டுவிட்டார்கள், ஆகவே அதையும் மறுமுறை செய்ய முடியாது.

இருந்தும் நாடகம் நிற்கவில்லை. ஏனெனில் அந்த நாள் திருவிழாச் செலவை ஏற்கும் மண்டகப்படிக்காரர், கூட்டம் வருவதற்கு முன்பே பணத்தைக் கொடுத்துவிடுகிறார். ஊருக்கு டிக்கெட் கிடையாது. நகல் எத்தனை சுற்றினாலும் அந்தப் பணம் குறைவதில்லை. இரண்டு திரை போடுவதாகச் சொல்பவரிடம், படம் ஓடாத வாரத்தில் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதை முதலில் கேளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி: கொட்டகைக்காரர் பேரன்

மூவருக்கும் நன்றி. கணக்கர் ஐயா எழுதியதை அப்பச்சிக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் இரண்டாங்கட்டுக்குப் போய்ப் பழைய பேரேட்டை எடுத்து வந்தார். 1990-களின் பக்கங்களை இருவரும் புரட்டினோம். லாபம் எழுதிய வாரங்களில் பெரும்பாலானவை புதுப் படத்தால் வந்தவை அல்ல. வெளியாகி ஆறு மாதம், ஓராண்டு, சில வேளை பத்தாண்டு கழித்துப் போட்ட படங்களால் வந்தவை. ஸ்லைடு வரவு என்று தனியே ஒரு பத்தி இருந்தது; பல மாதங்களில் மின்கட்டணம் முழுதையும் அதுவே கட்டியிருக்கிறது. இரண்டு திரைக்காரர் தந்த வரைவு ஒப்பந்தத்தைத் திரும்பப் படித்தேன். விளம்பர உரிமை முழுதும் அவருக்கு, மின்கட்டணம் முழுதும் எங்களுக்கு. அவரிடம் இனிப் பேசப் போவதில்லை.

ஒரே ஒரு சந்தேகம். 2024 ஏப்ரலில் 'கில்லி'யை மறுபடி வெளியிட்டபோது இருபது வயது ஆன படத்துக்குக் கூட்டம் அலைமோதியது. பேரேட்டில் உள்ளபடி, பழைய படங்களை மட்டும், வார இறுதியில் மட்டும், நிலையான வாடகைக்கு எடுத்து ஒரே திரையில் ஓட்டினால் நடக்குமா? அப்படி யாராவது கொடுப்பார்களா?

பதில்: எம்.ஆர். ஏரியாக் கணக்கர்

நிலையான வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய நட்சத்திரத்தின் மறுவெளியீட்டுக்கு மட்டும் பங்கு கேட்பார்கள். எதையும் பேசும் முன், அந்தப் படத்தின் திரையரங்கு உரிமை இன்று யாரிடம் இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய படங்களின் உரிமை நான்கைந்து கை மாறியிருக்கும். நெகட்டிவ் ஒருவரிடமும் பத்திரம் வேறொருவரிடமும் இருப்பது சாதாரணம். சாவி எத்தனை காட்சிக்கு, எந்த மணி வரை என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். படம் காட்டுவதற்கான கொட்டகையின் 'சி' படிவ உரிமம் காலாவதியாகி இருக்கும். புதுப்பிக்கக் கலெக்டர் அலுவலகத்தில் தீயணைப்பு, மின்சாரம், கட்டடம் முதலிய சான்றுகளைக் கேட்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை வைத்துக்கொண்டு போகாதீர்கள்.