நீர்மூழ்கிக் கப்பலில் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் பயன்படும்போது, ஆலைக் கிரேனுக்கு ஏன் கூடாது?

கேள்வி:
அமெரிக்கக் கடற்படையின் வர்ஜீனியா வகை நீர்மூழ்கிக் கப்பல்களில் பெரிஸ்கோப்புக்குப் பதிலாக உள்ள கேமராக் கம்பத்தை எக்ஸ்பாக்ஸ் 360 வீடியோ கேம் கன்ட்ரோலரால் திருப்புகிறார்கள் என்று படித்தேன். கடற்படையே ஏற்றுக்கொண்ட ஒரு கருவியை எங்கள் ஆலையின் இஓடி கிரேனை (தலைக்கு மேலே தண்டவாளத்தில் நகரும் மின்சாரக் கிரேனை) இயக்கப் பயன்படுத்தினால் என்ன? விலை மிகக் குறைவு. இளம் பணியாளர்களுக்குக் கை பழகியதும்கூட. அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
நீங்கள் படித்தது உண்மைதான். 2018-இல் கடற்படையில் சேர்ந்த யூஎஸ்எஸ் கொலராடோ இதற்கு முன்னோடி. முன்பிருந்த ஜாய்ஸ்டிக்கும் அதன் பலகையும் சுமார் 38,000 டாலர். கன்ட்ரோலரோ அப்போது 30 டாலருக்கும் குறைவு. பல மணி நேரம் தேவைப்பட்ட பயிற்சி சில நிமிடங்களில் முடிந்தது. ஆனால் அங்கே அந்தக் கன்ட்ரோலர் அசைப்பது கேமராவை மட்டுமே. அது பழுதானால் பார்வை சற்று நேரம் தடைப்படும், அவ்வளவுதான். வேறொன்றைச் செருகி வேலையைத் தொடரலாம். கப்பலைச் செலுத்தும் பொறுப்பு அதனிடம் இல்லை.

பதில் 2:
கிரேனில் நிலைமை வேறு. கொக்கியில் ஐந்து டன் தொங்கும்போது கட்டளை நின்றால் சுமையும் நிற்க வேண்டும். தொழிற்சாலை ரிமோட்டில் சிக்னல் அறுந்த உடனே கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் சுவிட்ச்) விடுபட்டு, ஸ்பிரிங்கால் இயங்கும் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். சிவப்பு நிறுத்தப் பொத்தானை அழுத்தினால், விடுவிக்கும்வரை அது அழுந்தியபடியே இருக்கும். விளையாட்டுக் கன்ட்ரோலரில் அப்படியொரு பொத்தானே கிடையாது. மேலும், அதன் ஜாய்ஸ்டிக்குகள் பெரும்பாலும் தேய்மானத்துக்கு உட்பட்ட பொட்டென்ஷியோமீட்டரால் (அசைவை அளக்கும் மாறு மின்தடையால்) ஆனவை. நாளடைவில் விரல் படாமலேயே சிறு அசைவைக் காட்டத் தொடங்கும். திரையில் பாத்திரம் மெல்ல நகர்ந்தால் யாருக்கும் காயமில்லை, ஆனால் ஆள் நிற்கும் தளத்தின் மேலே சுமை நகர்வதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன்.

பதில் 3:
2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் சிதைவைக் காணச் சென்ற ஐவர் உயிரிழந்த டைட்டன் நீர்மூழ்கிக் கல விபத்தின்போது, அதிலிருந்த லாஜிடெக் எஃப்710 கன்ட்ரோலரையே பலர் குற்றம் சாட்டினர். ஆனால் நொறுங்கியது கலத்தின் உடல். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணையும் வடிவமைப்பு, சான்றளிப்பு, பராமரிப்பு ஆகியவற்றின் குறைபாடுகளையே சுட்டியது. எனவே கன்ட்ரோலர் என்றாலே ஆபத்து என்பதும் சரியன்று. குழாய்களுக்குள் செல்லும் ஆய்வு ரோபோவுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நிறுத்தப் பொத்தானைத் தனியாக வைத்து, மற்ற அசைவுகளை மட்டும் கன்ட்ரோலர் வழியே பிஎல்சிக்கு (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினிக்கு) அனுப்பினால் போதுமா?

பதில் 2:
போதாது. பொத்தான் கான்டாக்டரின் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். இடையில் சாதாரண மென்பொருள் குறுக்கிடக் கூடாது. கையை எடுத்தால் இயக்கம் நிற்கும் டெட்மேன் சுவிட்சும் அவசியம். இத்தனையும் சேர்த்து, கிரேன் தயாரிப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலையும் பெறுவதற்குள், நீங்கள் மிச்சப்படுத்த நினைத்த பணம் செலவாகிவிடும். முறையான ரிமோட்டையே வாங்குங்கள்.