மின்சார பிக்கப் வாங்கலாமா? சுமை இழுத்துப் பழகியவர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். டீசல் பிக்கப்பை விற்றுவிட்டு, ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் போன்ற மின்சார பிக்கப் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். பெரிய பேட்டரி கொண்ட வகை ஒரு முழு சார்ஜில் சுமார் 515 கி.மீ. ஓடும் என்று மதிப்பிடப்பட்டிருந்தாலும், உயரமான டிரெய்லரைக் கட்டி இழுத்தால் காற்றின் எதிர்ப்பால் அந்தத் தூரம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. என் தொழிலுக்கு அதுதான் பெரிய கவலை. பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திய பிறகே வண்டியை உள்ளே விட முடியும் என்பதும் யோசிக்க வைக்கிறது. எஞ்சின் ஆயில் செலவு இல்லை, பிரேக்கும் மெதுவாகவே தேயும். ஆனால் இவ்வளவு எடைக்கு டயர் எத்தனை காலம் தாங்குகிறது, இன்சூரன்ஸ் எவ்வளவு கூடுகிறது, இரவில் வீட்டிலேயே சார்ஜ் செய்தால் மாதச் செலவு உண்மையாகவே குறைகிறதா என்பதைச் சுமையோடு ஓட்டியவர்கள் விவரமாகத் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.